இரண்டு வீட்டுக்கு ஒரு பத்திரிகை

ஒரே வீடு இரண்டு வீடான கதையை இத்தனை வாரமாகக் கூடவே நடந்து வந்தவர்களுக்கு அந்த நடுக்கதவைத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்கும் இடம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

மாடி அறையை ஒரு டிரம்ஸ் ஆசிரியருக்கு வாடகைக்கு விட்டார் அண்ணன். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி மருந்துக்கடை நடத்துகிறவர். அப்போது இரவுக் கடை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவன் தலைக்கு மேல் இடி இறக்கினால் யார்தான் பொறுப்பார்கள்? வார்த்தை தடித்தது, வீடு இரண்டானது. நடுக்கதவில் அந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள், இந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள். ஒரே மாதத்தில், வகுப்பில் சேர ஆளில்லை என்று டிரம்ஸ் ஆசிரியர் காலி செய்துகொண்டு போய்விட்டார். மௌனம் மட்டும் வாடகை தராமல் தங்கிவிட்டது.

ஆனால் பேச்சு நின்ற வீட்டில் பத்திரிகை நிற்கவில்லை. அது எப்படி நடந்தது என்பதைச் சொன்னால்தான் அண்ணன் மகள் செய்த காரியம் எவ்வளவு பெரிய தப்பு என்று விளங்கும்.

அந்த வீட்டுக்கு மூன்று பத்திரிகைகள் சந்தாவில் வருகின்றன. அட்டையில் அச்சாகியிருக்கும் பெயரை யாரும் சொல்வதில்லை. வாரப் பத்திரிகைக்குச் ‘சின்னது’ என்று பெயர். அதில் குறுக்கெழுத்து, தொடர்கதை, துணுக்கு, வாசகர் சண்டை எல்லாம் உண்டு. அறிவியல் மாத இதழின் பெயர் ‘ஏன்’. ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு ‘ஏன்’ கேள்வியை எடுத்து, படம் போட்டு, அடி முதல் நுனி வரை அவிழ்த்துக் காட்டுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் கதை இதழ் ‘குண்டு’. தலையணை மாதிரி இருக்கும். அண்ணன் மனைவி, தம்பி மனைவி இரண்டு பேரும் அதற்காகவே காத்திருப்பார்கள்.

“கடையில வாங்கினா புடிச்ச அட்டை வந்தப்ப மட்டும்தான் வாங்குவோம்,” என்பது அண்ணனின் கொள்கை. “சந்தா கட்டினா புடிக்காத வாரமும் வந்து சேரும். புடிக்காத வாரத்துலதான் நாம தேடாத சங்கதி ஒண்ணு கண்ணுல படும்.”

சந்தா அண்ணன் பெயரில். அதனால் முதலில் அவர் படிப்பார், கையில் பென்சிலோடு. படித்து முடித்ததும் நடுக்கதவுக்கு அடியில் தள்ளிவிடுவார். அந்தப் பக்கம் தம்பி படிப்பார், பேனாவோடு. படித்ததும் திரும்ப இந்தப் பக்கம் தள்ளுவார். அண்ணனுக்கு அழித்துத் திருத்துகிற பழக்கம். தம்பிக்கு மருந்துக்கடைப் பழக்கம், எழுதினால் எழுதியதுதான். குறுக்கெழுத்தில் இடமிருந்து வலம் அண்ணனுடையது, மேலிருந்து கீழ் தம்பியுடையது. பிரிவினைக்கு முன்பே வந்த ஏற்பாடு அது.

அதோடு, ஓரத்தில் எழுதுவார்கள். சூடான தேநீரை மெதுவாக ஊற்றினால் கெட்டிலின் மூக்கிலிருந்து ஏன் கீழ்ப்பக்கமாக வழிகிறது என்று போன மாத ‘ஏன்’ கேட்டிருந்தது. ‘மூக்கு முனை மழுங்கியிருந்தால் வழியும், கூர்மையாக இருந்தால் வழியாது. நம் வீட்டுக் கெட்டில் இரண்டையும் சோதித்தேன்,’ என்று பென்சிலில் ஒரு குறிப்பு. அதற்குக் கீழே பேனாவில்: ‘மழுங்கிய மூக்கின் அடியில் எண்ணெய் தடவி ஊற்றிப் பார். தண்ணீர் ஒட்டாது. பிறகு பேசு.’ அதற்கும் கீழே பென்சிலில்: ‘தடவினேன். சரிதான். ஆனால் தேநீரில் எண்ணெய் வாடை.’

இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி!

இதையெல்லாம் அண்ணன் மகளும் பார்த்தாள். பார்த்தவள், பத்திரிகை பாழாகிறது என்று நினைத்துக்கொண்டாள். மடிந்த முனை, தேநீர்க் கறை, மார்ஜின் முழுக்கக் கிறுக்கல். பாவம் சித்தப்பா, ஒரு நாளாவது புத்தம் புதுசாகப் படிக்கட்டுமே! போன மாதம், யாரிடமும் மூச்சு விடாமல், சித்தப்பா பெயருக்குச் ‘சின்னது’க்கு ஒரு பரிசுச் சந்தா கட்டிவிட்டாள். கொடுப்பவர் பெயர் என்ற கட்டத்தை, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று காலியாக விட்டாள்.

அந்தச் சந்தாவின் முதல் இதழ் இன்று காலை வந்தது.

*

தபால்காரர் முதலில் இந்த வாசலில் ஒன்றைக் கொடுத்தார். பிறகு பக்கத்து வாசலுக்குப் போய் அதே அளவு, அதே உறை, இன்னொன்றைக் கொடுத்தார்.

அண்ணன், அதாவது மகளின் அப்பா, ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துப் பார்த்தார். “அது நம்ம ‘சின்னது’ மாதிரி இல்ல?”

“மாதிரி என்ன, அதேதான்,” என்றாள் அம்மா. “கண்ணாடி உறைக்குள்ள அட்டையில அதே பொண்ணுதான் சிரிக்கிறா.”

“ஓஹோ. தனியா வரவழைச்சுக்கிட்டானா தொரை? நல்லதாப் போச்சு. எனக்கும் குனிஞ்சு குனிஞ்சு கதவுக்கடியில தள்ளி முதுகு போச்சு.”

“நீங்க என்னைக்குக் குனிஞ்சீங்க? கால் கட்டைவிரலாலதானே தள்ளுவீங்க.”

“விரலும்தான் வலிக்குது.”

மகள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அது வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அவர் பென்சிலை எடுத்தார். இடமிருந்து வலம் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார். மேலிருந்து கீழ் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. பிறகு பத்திரிகையை மூடி மேஜை மேல் வைத்தார். எப்போதும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடுக்கதவு வரை நடக்கிற மனிதர், இன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு எழுந்து பாதி தூரம் போய், எதற்கு வந்தோம் என்று மறந்தவர் போல நின்று, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்று சொல்லி மகள் தப்பித்துக்கொண்டாள்.

*

அவள் வேலை செய்வது காது பரிசோதிக்கும் மருத்துவமனையில். அதனால் சித்தப்பா அவளுக்கு வைத்த பெயர் ‘காதுக்காரி.’

ஒலி புகாத சிறிய அறை அது. வருகிறவர் காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் முதலில் தெளிவாகக் கேட்கிற ஒலியைக் கொடுப்பாள். பிறகு படிப்படியாகக் குறைப்பாள். அழுத்தல் நின்றதும் கொஞ்சம் கூட்டுவாள். மறுபடி குறைப்பாள். இப்படி ஏறி இறங்கி, பாதி தடவை கேட்டும் பாதி தடவை கேட்காமலும் இருக்கிற அந்த விளிம்பைக் கண்டுபிடிப்பதுதான் சோதனை.

இன்று காலை வந்த பெரியவர் ஒரு ரகம். அவள் எந்த ஒலியும் கொடுக்காதபோதும் டக் டக்கென்று அழுத்தினார்.

“ஐயா, இப்ப நான் சத்தமே அனுப்பலீங்க.”

“அப்படியா? நீங்க அனுப்பியிருப்பீங்கன்னு நெனச்சேன்மா. உங்களை ஏமாத்தக்கூடாதுல்ல.”

இப்படி நல்லெண்ணத்தில் அழுத்துகிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். அவர்களால் சோதனை கெட்டுப்போகும். அவளுக்கு இது பழக்கம்தான். இன்றைக்கு மட்டும் ஏனோ சுருக்கென்றது.

மதியச் சாப்பாட்டுக்குப் பெட்டியைத் திறந்தபோது சித்தி போன் செய்தாள்.

“காதுக்காரி, பேசலாமா? யாரையாவது உள்ள வச்சுப் பூட்டியிருக்கியா?”

“சாப்பாட்டு நேரம் சித்தி. சொல்லுங்க.”

“உங்கப்பா பண்ணினது அவருக்கே நல்லா இருக்கா?”

“என்ன பண்ணினாரு?”

“உனக்குத் தெரியாதா? காலையில உங்க சித்தப்பாவுக்குத் தனியா ஒரு ‘சின்னது’ வந்துச்சு. மேல சீட்டுல என்ன அச்சடிச்சிருக்கு தெரியுமா? ‘அன்பளிப்பு: உங்கள் நலம்விரும்பி.’ நலம்விரும்பியாம்! மனுஷன் அதை ரெண்டு தடவை சத்தமாப் படிச்சாரு. ‘வீட்டைப் பிரிச்சோம், வாசலைப் பிரிச்சோம், தண்ணிக் குழாயைப் பிரிச்சோம். இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. இதையும் பாகம் போட்டுக் குடுத்துட்டான். போதும்’னாரு.”

மகள் எடுத்த கவளத்தைப் பெட்டியிலேயே வைத்தாள். “போதும்னா?”

“அந்த வாடகை வீடு இருக்குல்ல, கடைக்குப் பக்கத்துல? அங்க போயிடலாம்னு ஒரு மாசமா நான் கெஞ்சறேன். படி செங்குத்துன்னாரு. வெளிச்சம் பத்தலைன்னாரு. எதிர் வீட்டுல நாய் இருக்குன்னாரு. அந்த நாய்க்குக் குரைக்கவே தெரியாதுடி, நான் போய்ப் பார்த்தேன். கடைசியில மென்னு முழுங்கிக் கேக்கறாரு, ‘அங்க போயிட்டா பத்திரிகை எப்படி வரும்?’னு. அவருக்கு அதுதான் கவலை! இன்னிக்குக் காலையில அந்தக் கவலை தீர்ந்துபோச்சு. சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்காரர்கிட்ட சரின்னு சொல்லிடறேன்னு கெளம்பிப் போயிருக்காரு.”

“உங்களுக்கு சந்தோஷம்தானே சித்தி?”

“வீடு கெடைச்சா சந்தோஷம்தான். இப்படிக் கோவிச்சுக்கிட்டுப் போனா எங்கடி சந்தோஷம்? எதிர்ல நின்னு நாலு வார்த்தை சண்டை போட்டுட்டாவது போகணும்.”

“சித்தி... அது அப்பா இல்ல. நான்.”



“நீயா?”

“சித்தப்பா பாவம், கிறுக்கல் இல்லாம புதுசாப் படிக்கட்டுமேன்னு...”

“அடிப் பைத்தியமே! அந்தக் கிறுக்கலுக்காகத்தானேடி அவரு பத்திரிகையே படிக்கிறாரு!”

அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். பத்திரிகை அலுவலகத்தின் சந்தாப் பிரிவுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், பல வருஷம் பலரைச் சமாளித்த குரல்.

“பரிசுச் சந்தாவை ரத்து பண்ணணும்ங்க.”

“வாங்கினவர் வேண்டாம்னு சொல்றாரா?”

“இல்ல. கொடுத்தவ வேண்டாம்னு சொல்றேன்.”

“கொடுத்தப்புறம் அது உங்களோடது இல்லையேம்மா. அவங்கதான் சொல்லணும்.”

“சரி, அந்தச் சீட்டுல ‘நலம்விரும்பி’ன்னு போட்டிருக்கே, நான் அப்படி எழுதவே இல்லையே.”

“நீங்க காலியா விட்டிருப்பீங்க. காலியா விட்டா கம்ப்யூட்டர் அப்படித்தான் போடும். சும்மா வெறுமையா அனுப்பினா நல்லா இருக்காதுல்ல?”

“அடுத்த வாரத்துலயாவது என் பேர் வருமா?”

“அடுத்த வாரச் சீட்டு அடிச்சாச்சும்மா. புத்தகம் அச்சுல இருக்கும்போதே விலாசச் சீட்டை ஊர்வாரியாப் பிரிச்சு வச்சிடுவோம். புத்தகம் வந்ததும் ஒட்டிக் கட்ட வேண்டியதுதான். இன்னிக்குச் சொன்னா அதுக்கடுத்த வாரத்துலருந்து மாறும்.” குரல் கொஞ்சம் இளகியது. “யாருக்காவது மனஸ்தாபமா?”

“ஆமாங்க.”

“அப்ப நேர்ல போயிடுங்க. நாங்க லேட்டு.”

*

மருந்துக்கடையில் சாயங்காலக் கூட்டம். சித்தப்பா ஒரு மருந்துச் சீட்டை விளக்குக்கு நேராகப் பிடித்து, கோழி கிளறிய எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மகள் கவுன்டர் ஓரத்தில் நின்றாள். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

“வாம்மா காதுக்காரி. என்ன, காது வலிக்கு மருந்தா?”

“சித்தப்பா, ஒரு விஷயம்.”

“உங்கப்பா அனுப்பினாரா?”

“அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. அந்த நலம்விரும்பி நான்தான்.”

அவர் மருந்துச் சீட்டைக் கீழே வைத்தார். வாடிக்கையாளர் ஒருவர் இருமினார்.

“என் பேரைப் போடலை. அதனால அப்பா பண்ணினாருன்னு நீங்க நெனச்சீங்க. நீங்களே தனியா வரவழைச்சுக்கிட்டீங்கன்னு அப்பா நெனச்சுக்கிட்டிருக்காரு. காலையில இஞ்சி தின்ன மாதிரி உக்காந்திருந்தாரு. பத்திரிகையைக் கையில எடுத்துக்கிட்டு பாதி தூரம் நடந்து, திரும்பிட்டாரு.”

“நடந்தானா?”

“பாதி தூரம்.”

சித்தப்பா வாடிக்கையாளருக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன் எது, பின் எது என்று நிதானமாக இரண்டு தடவை விளக்கினார். பிறகு கவுன்டருக்கு அடியிலிருந்து புது ‘சின்னதை’ எடுத்து நீட்டினார்.

“உன் பரிசுல என்ன கோளாறுன்னு பாரு.”

பிரித்தாள். தாள் மொடமொடவென்று இருந்தது. குறுக்கெழுத்தில் மேலிருந்து கீழ் அத்தனையும் பேனாவில் நிரம்பியிருந்தது. இடமிருந்து வலம் தனியாக ஒன்றுகூட இல்லை. பாதி எழுத்து இல்லாத அந்தக் கட்டம் பல் விழுந்த வாய் மாதிரி சிரித்தது.

“குறிப்பு இருக்கே, நீங்களே போட்டிருக்கலாமே சித்தப்பா?”

“அது அவன் பக்கம். அதுல நான் எப்படிக் கை வைக்க முடியும்?”

இதற்கு என்ன சொல்வது? வீட்டுக்குக் குறுக்கே தாழ்ப்பாள் போட்டவர்கள், குறுக்கெழுத்தில் மட்டும் எல்லை மீறமாட்டார்களாம்.

வாசகர் கடிதப் பக்கத்தில் ஓரமெல்லாம் பேனா ஓடியிருந்தது. ‘இந்த ஆள் சொல்வது சரி. நீ இல்லை என்பாய், தெரியும்.’ இன்னும் கீழே, ‘இதற்கு உன் பதில் என்ன?’ பதில் வராத பத்திரிகையில் உட்கார்ந்து கேள்வி எழுதியிருக்கிறார் மனிதர்.

“நான் பண்ணினது தப்பு சித்தப்பா.”

“நீ ஆசையாத்தான் பண்ணினே. இனிமே யாருக்காவது ஏதாவது குடுத்தா பேரைப் போட்டுக் குடு. பேர் இல்லாத பாட்டில்ல மருந்து இருந்தா நான் யாருக்கும் விக்கமாட்டேன்.” அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “இதைக் கொண்டுபோய் உங்கப்பாகிட்ட குடு. இடமிருந்து வலம் போட்டு அனுப்பச் சொல்லு.”

அவளுக்கு உயிர் வந்தது. “அப்ப அந்த வீடு வேண்டாம்னு சொல்லிடுவீங்கல்ல?”

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மத்தியானமே சரின்னு சொல்லிட்டேம்மா. கோவத்துல போன் போட்டேன். அந்த மனுஷன் இன்னொரு குடும்பத்துக்கு இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டாராம். வாக்குக் குடுத்தாச்சு. அடுத்த மாசம் போகணும்.”

“சித்தி...”

“சித்திக்கு இன்னும் சொல்லலை. உங்கப்பாகிட்டயும் நீ வாயைத் திறக்காதே. அதை நான் சொல்லிக்கறேன்.”

“நீங்களா? அப்பாகிட்டயா?”

“ஆமா. குடு அந்தப் பத்திரிகையை.”

பத்திரிகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு மருந்து அலமாரிப் பக்கம் போனார். ஏதோ செய்துவிட்டு வந்து, ஒரு மருந்து உறையில் போட்டு அவள் கையில் கொடுத்தார்.

*

அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். நலம்விரும்பி, காலிக் கட்டம், சந்தாப் பிரிவு, மேலிருந்து கீழ். வீட்டு விஷயத்தை மட்டும் வாக்குப்படி விழுங்கினாள்.

“அப்ப அவன் வரவழைக்கலையா?”

“இல்லப்பா.”

“நான்தான் சொன்னேனே!” என்றார் அப்பா, அப்படி எதுவும் சொல்லாதவர்.

“கதையை மாத்தாதீங்க,” என்றாள் அம்மா. “‘தொரை’ன்னீங்க.”

அப்பா காதில் வாங்கவில்லை. உறையைப் பிரித்து நாற்காலியை விளக்குக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டார். தன் பிரதியை ஒரு பக்கமும் தம்பியின் பிரதியை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, குறுக்கெழுத்தை ஒத்துப் பார்த்தார். “பார்றா, பேனாவுல எழுதிட்டு முழிக்கிறான். இந்த எழுத்து எப்படிடா இங்க வரும்?” என்று தனக்குள் சிரித்தார். வாசகர் கடிதத்துக்கு வந்ததும், “இல்லைன்னுதான் சொல்வேன்,” என்று பென்சிலைத் தீட்டினார். காலையிலிருந்து வீட்டில் அடைத்துக்கிடந்த காற்று அப்போதுதான் கொஞ்சம் நகர்ந்தது.

பக்கம் புரண்டது. கடைசிப் பக்கம் வந்தது. சிரிப்பு நின்றது.

மகள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தொடர்கதை முடிகிற இடத்தில், ‘அடுத்த இதழில்’ என்ற வரிக்குப் பக்கத்து ஓரத்தில், மருந்துக்கடைப் பேனாவில், சின்ன எழுத்தில்:

‘அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். கடைக்குப் பக்கத்தில். படி கொஞ்சம் செங்குத்து.’

நான் சொல்லிக்கறேன் என்று சித்தப்பா சொன்னது இதைத்தானா!

அப்பா பென்சிலை அந்த வரிக்குக் கீழே வைத்தார். ஏதோ எழுதத் தொடங்கினார். அழித்தார். மறுபடி முனையை வைத்தார். பென்சிலை மேஜை மேல் போட்டார். அம்மா ஏதோ கேட்க வாயெடுத்தாள், மகள் கையமர்த்தினாள்.

அவர் எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டு, பொத்தானைக் கோணலாக மாட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார். மகள் படியில் நின்று பார்த்தாள். பத்தடி நடந்து அடுத்த வாசலில் ஏறினார். ஏறியவர் அங்கேயே தடுமாறி நின்றார். தான் பிறந்த வீட்டுக்கு அழைப்பு மணி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இதுவரை அழுத்த வேண்டி வந்ததே இல்லை. சுவரைத் தடவினார். நிலையைத் தடவினார். கடைசியில் விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் அது அகப்பட்டது. அழுத்தினார்.

“யாரு?” உள்ளேயிருந்து, அப்போதுதான் கடையிலிருந்து திரும்பியிருந்த சித்தப்பாவின் குரல்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

“யாருங்க அது?”

“வீடு மாறுறதெல்லாம் ஓரத்துல எழுதற விஷயமாடா?”

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. வாசல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. கதவு மட்டும் இன்னும் திறக்கவில்லை.